வெள்ளிக்கிழமைப் பலகை

கம்பம்
11 மார்ச் 2007

திரு. லிங்கேஸ்வரன் அவர்களுக்கு,

ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போதும்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் 'பொத்தான்' மார்ச் இதழ் வாங்கினேன். மாதம் தவறாமல் வாங்குகிறேன். அதை நீ தெரிந்துகொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு: தேனி லிங்கேஸ்வரன் எழுதிவரும் 'ஆட்டப்பெட்டிச் சந்தை' பத்தி, வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி, ஜூன் மாதம் நூலாக வருகிறதாம்.

'எனக்குத் தெரியாது' என்று பிற்பாடு நீ சொல்லக்கூடாது என்பதற்காக, வக்கீல் நோட்டீஸ் மாதிரி முதலிலிருந்து எழுதுகிறேன். 1998 ஜூலை முதல் 2001 பிப்ரவரி வரை கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நீயும் நானும் கூட்டாக வீடியோ கேம் கடை வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகப் பன்னிரண்டரைக்குக் கதவைச் சாத்துவோம். நான் பள்ளிவாசலுக்குப் போவேன். நீ சாப்பிடப் போவாய். 'இரண்டு மணிக்குத் திறக்கும்' என்று வாசலில் ஒரு கறுப்புப் பலகை தொங்கும். அந்த வரிக்குக் கீழே, காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று, அந்த வாரத்து என் கருத்தைச் சாக்பீஸால் எழுதிவைப்பேன். ஆட்டப்பெட்டி செய்கிற கம்பெனிகளில் செகா ஏன் சறுக்குகிறது, நிண்டெண்டோ ஏன் பிடிவாதம் பிடிக்கிறது, சோனி யார் காலை வாரப்போகிறது. தொழுதுவிட்டு நான் திரும்பும்போது வாசலில் பத்துப் பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். ஆட வந்ததையே மறந்திருப்பார்கள்.

பலகையில் எழுதியதை அன்று சாயங்காலமே விரித்து ஒரு நீல அட்டை நோட்டில் எழுதினேன். கடையை விட்டு நான் வெளியேறிய அன்று அந்த நோட்டு மேசை இழுப்பறையில் இருந்தது. மூன்று வருடமாக நீ 'பொத்தானி'ல் அச்சுக்குக் கொடுப்பது அந்த நோட்டைத்தான்.

விளையாட்டை அடைத்து விற்க நிண்டெண்டோ குறுந்தகட்டுக்கு மாறாமல், தானே செய்து விற்கிற பழைய கேட்ரிட்ஜையே கட்டிக்கொண்டு அழுததைப் பற்றி நோட்டில் நான் எழுதியது இது: 'திராட்சையை என் மரப்பெட்டியில்தான் கட்ட வேண்டும், பெட்டியையும் என்னிடம்தான் வாங்க வேண்டும் என்று சொல்கிற வியாபாரியின் வாசலில் எத்தனை நாள் லாரி நிற்கும்? பக்கத்துக் கடைக்காரன் மலிவான பெட்டி கொடுத்தால் தோட்டக்காரன் அங்கே போவான். விளையாட்டு தயாரிப்பவர்கள் சோனியிடம் போனது இப்படித்தான்.' உன் பத்தியில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

பலகையில் ஆள் பெயர் வந்தது ஒரே ஒரு தடவை. 2001 பிப்ரவரி இரண்டாம் தேதி. ட்ரீம்காஸ்ட் பெட்டி செய்வதை நிறுத்தப்போவதாக செகா அறிவித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ட்ரீம்காஸ்ட் ஜெயிக்கும் என்று நான் சொன்னது உண்மை. என் பேச்சைக் கேட்டு நாம் நாலு பெட்டி வாங்கியதும் உண்மை. ஆனால் நான் தொழுதுகொண்டிருந்த நேரத்தில் நீ சாக்பீஸை எடுத்து என்ன எழுதினாய்? 'உமர் பாருக் பந்தயம் கட்டிய குதிரை படுத்துவிட்டது. பார்க்க விரும்புவோர் இரண்டு மணிக்கு வரவும்.' பஸ் ஸ்டாண்டு முழுக்கப் படித்தது. அன்று கடையை விட்டு வெளியே வந்தவன் இன்றுவரை உன்னோடு பேசவில்லை.

தப்புக்கு என் பெயர், சரிக்கு உன் பெயர். இது எந்த ஊர் நியாயம்?

நூலின் அட்டையில் என் பெயர் வர வேண்டும். உன் பெயர் வரக்கூடாது. பதிலைக் கடிதத்தில் எழுது. போன் பண்ணாதே. போனில் நீ சிரிப்பாய், எனக்கும் சிரிப்பு வந்துவிடும், பிறகு எனக்கு நியாயம் கிடைக்காது.

உமர் பாருக், எம்.ஏ. (பொருளாதாரம்)


தேனி
19 மார்ச் 2007

மாப்ளே,

கடிதத்தின் அடியில் எம்.ஏ.வைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, மறுபடி முதலிலிருந்து நின்றுகொண்டே படித்தேன். நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையில் எல்லோரும் என்னவோ ஏதோ என்று பயந்துபோனார்கள்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதிலிருந்துதான் எழுதினேன். இதை மறைக்கப்போவதில்லை. ஆனால் 'நான், என்' என்று கடிதத்தில் எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறாய் என்று நீயே எண்ணிப் பார். திராட்சைப் பெட்டி உவமை யாருடையது? சுருளிப்பட்டித் தோட்டத்தில் என் அப்பா அந்த வியாபாரியிடம் பட்ட பாட்டை நான் சொல்லி, நீ கேட்டு, மறுநாள் பலகையில் ஏறியது. நீ பொருளாதாரம் படித்தவன், நான் திராட்சை அறுத்தவன். சண்டையில் எவன் வாயிலிருந்து எது வந்தது என்று இப்போது பிரிக்க முடியுமா? அதனால்தான் பலகையில் யார் பெயரும் போடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி இரண்டாம் தேதியை ஞாபகம் வைத்திருக்கிறாய். அதற்கு முந்தின வெள்ளியை மறந்துவிட்டாய். ஜனவரி இருபத்தாறு. குஜராத்தில் பூகம்பம் வந்த அன்று. இனியாவது ஒரு சோனி பெட்டி வாங்கிப் போடுவோம் என்று காலையில் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பலகையில் இப்படி இருக்கிறது: 'சோனி பெட்டி வாங்கலாம் என்கிறார் பி.காம். தேறாத கூட்டாளி. சந்தையைப் புரிந்துகொள்ள அரியர் இல்லாமல் தேறியிருக்க வேண்டும்.' பெயர் போடவில்லைதான். கம்பத்தில் உனக்கு எத்தனை கூட்டாளி? ஒரு வாரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கூட என்னை 'என்ன அரியர், சௌக்கியமா?' என்று கேட்டான். அந்த எரிச்சலில்தான் அடுத்த வெள்ளி எழுதினேன். எழுதிப் பத்து நிமிஷத்தில் சட்டைக் கையால் அழித்தேன். அதற்குள் படித்துவிட்டார்கள்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். அட்டையில் இரண்டு பேர் பெயரும் போடலாம் என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன். சரி என்கிறார். உன் பெயரையே முதலில் போடச் சொல்கிறேன்.

இன்னொன்று. எழுதக் கூச்சமாக இருக்கிறது. நோட்டு 2001-ல் முடிந்துபோகிறது. பழைய விஷயம் தீர்ந்து, போன பத்து மாதமாக நானே யோசித்து எழுதுகிறேன். 'முன்பிருந்த காரம் இல்லை' என்று வாசகர்கள் கார்டு போடுகிறார்கள். இப்போது வந்திருக்கும் மூன்று பெட்டிகளைப் பற்றிக் கடைசி அத்தியாயம் ஒன்று வேண்டும் என்கிறார் ஆசிரியர். எனக்கு வரவில்லை.

லிங்கேஸ்வரன், பி.காம். (தேறவில்லை)


கம்பம்
2 ஏப்ரல் 2007

லிங்கேஸ்வரனுக்கு,

இரண்டு பேர் பெயரும் வேண்டாம். பாதிப் பெயர் எனக்குப் பழகிப்போன விஷயம். கல்லூரி நேர்முகத்தில் முதலாவதாக வந்தேன், வேலை இரண்டாவதாக வந்தவனுக்குப் போனது. பள்ளிவாசல் ஆண்டு மலருக்கு முழுக் கட்டுரையும் எழுதிக் கொடுத்தேன், கமிட்டித் தலைவர் புகைப்படத்தோடு வந்தது. இப்போது டுடோரியலில் பாடம் எடுத்துவிட்டு, மீதி நேரம் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் நிற்கிறேன். மற்றவர்கள் எழுதியதை நகல் எடுக்கிற வேலை. உன் வேலையும் அதுதான், உனக்கு மிஷின் தேவைப்படவில்லை.

அரியர் விஷயம் எனக்கு நினைவில்லை.

திராட்சை உன் அப்பாவுடையதாகவே இருக்கட்டும். ஆனால் 'படம் ஓட்டும் பெட்டி' என்ற பத்தி? உனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். விளையாட்டு என்றால் வீட்டில் திட்டுவார்கள், படமும் ஓடும் என்றால் திட்டமாட்டார்கள், அதனால் டிவிடி ஓடுகிற சோனிப் பெட்டிதான் வீட்டுக்குள் நுழையும் என்ற அந்த வாதம். சென்னையிலிருந்தெல்லாம் பாராட்டிக் கடிதம் வந்ததாக நீயே 'பொத்தானி'ல் எழுதியிருந்தாய். பலகையில் நான் ட்ரீம்காஸ்ட் ஜெயிக்கும் என்று எழுதியிருக்கலாம். நோட்டில் மறுபக்கத்தையும் எழுதிவைத்தவன் நான். அந்தப் பத்தி முழுக்க முழுக்க என்னுடையது. அதை யாரோடும் பங்கு போட முடியாது. நோட்டை அனுப்பு, காட்டுகிறேன்.

(இந்த இடத்தில் எழுந்து போய் ஒருவருக்கு ரேஷன் கார்டு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மிஷினில் தாளைத் தலைகீழாக வைத்து இரண்டு தடவை வீணாக்கினேன்.)

நிண்டெண்டோவின் புதிய 'வீ' (Wii) பெட்டியை 'குழந்தைகளின் கிலுகிலுப்பை, ஒரு வருடம் தாங்காது' என்று பிப்ரவரி இதழில் எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

ஷார்ஜாவிலிருந்து சகலை விடுமுறைக்கு வந்தபோது அந்த வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்தார். கையில் குச்சி மாதிரி ஒன்றைப் பிடித்து வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். கைருன்னிசா மாவு கரைத்த கையைத் துடைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தாள். அவள் தங்கை அந்தக் குச்சியை அவள் கையில் திணித்தாள். ஐந்து நிமிஷம் கழித்து என் மனைவி என்னைப் பார்த்துச் சொல்கிறாள்:

"ஏங்க, அங்கன தள்ளி நில்லுங்க. அடி பட்டுச்சுன்னா நான் பொறுப்பில்ல."

சகலை மூன்று ஆட்டம் தோற்றார். நாலாவது ஆட்டத்தில் குச்சி அவள் கையிலிருந்து பறந்து பீரோக் கண்ணாடியில் பட்டு விரிசல் விட்டது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மூணு வருசம் கடை வச்சிருந்தீகளே, ஒரு நா 'வா, வந்து ஆடிப் பாரு'ன்னு என்னையக் கூப்புட்டீகளா?"

"அது ஆம்பளைக வர்ற எடம்."

"யாரு சொன்னா? பலகையில எழுதியா போட்டிருந்தீக?"

அதன் பிறகு மூன்று நாள் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். சோனியும் மைக்ரோசாஃப்டும் ஏற்கெனவே ஆடுகிறவனைப் பிடிக்க ஒருவரோடொருவர் முட்டிக்கொள்கிறார்கள். நிண்டெண்டோ அந்தக் கூட்டத்தை விட்டு விலகி, யாரும் கூப்பிடாமல் நின்றவர்களைக் கூப்பிட்டது. இது கிலுகிலுப்பையா?

கடைசி அத்தியாயத்தை எழுத உனக்கு வராது. எனக்கு வரும். என் பெயர் மட்டும் என்றால் எழுதுகிறேன்.

அரியர் என்று எழுதியிருக்கலாம். உறுதியாகத் தெரியவில்லை.

உமர் பாருக், எம்.ஏ.


தேனி
13 ஏப்ரல் 2007

மாப்ளே,

நீல நோட்டை கண்டக்டர் மலைச்சாமியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கம்பத்தில் இறங்கி உன் ஜெராக்ஸ் கடையிலேயே தருவான். என்னை 'அரியர்' என்று கூப்பிட்டது அவன்தான், அதனால் எனக்குக் கடமைப்பட்டவன்.

நாற்பத்தேழாம் பக்கத்தைப் பார். தேதி 2000 அக்டோபர் 20. பக்கம் முழுக்க நீ ட்ரீம்காஸ்டைத்தான் தூக்கிவைத்திருக்கிறாய். இன்டர்நெட் இணைப்பு இருக்கிறது, நாலு பேர் சேர்ந்து ஆடலாம், சோனியை முந்திக்கொண்டு வந்துவிட்டது என்று ஏழு காரணம். 'படம் ஓட்டும் பெட்டி' விஷயம் ஓரத்தில் பென்சிலால் மூன்று வரி இருக்கிறது. அதன் கீழே அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று படி.

அந்த அடைப்புக்குறியை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை. விட்டுவிட்டேன். கை தவறி விடவில்லை, தெரிந்தே விட்டேன். அன்று நானும் அங்கேதான் நின்றேன். நானும் சிரித்தேன்.

அதனால் அந்தப் பத்தி உன்னுடையது இல்லை. என்னுடையதும் இல்லை. மூன்று வருடமாக இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். பஸ்ஸில் கம்பம் வழியாகக் குமுளிக்குப் போகும்போதெல்லாம் இறங்கி உன்னிடம் சொல்லிவிடலாம் என்று பையை மடியில் எடுத்து வைப்பேன். பஸ் ஸ்டாண்டு வந்ததும் ஜன்னலை மூடிக்கொள்வேன்.

பலகையும் என்னிடம்தான் இருக்கிறது. வீட்டில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் நிற்கிறது. வேறு எதற்கும் பயன்படுத்தவில்லை.

ஏப்ரல் முப்பதுக்குள் பெயரையும் கடைசி அத்தியாயத்தையும் ஆசிரியருக்குத் தர வேண்டும். நீ சொல்கிறபடியே போடச் சொல்கிறேன். உன் பெயர் மட்டும் என்றாலும் சரி.

லிங்கு


கம்பம்
26 ஏப்ரல் 2007

லிங்கு,

நோட்டு வந்தது. மலைச்சாமி கொடுக்கும்போதே, "என்ன பாய், அரியரு புஸ்தகம் குடுத்துவிட்டிருக்காரு, பரிச்சையா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

நாற்பத்தேழாம் பக்கத்தைப் படித்தேன். பென்சில் எழுத்து மங்கவில்லை. '(ச.அம்மாள் சொன்னது.)' என் கையால் நானே எழுதியது. எழுதியதும் மறந்து, பிறகு அவள் சொன்னதும் மறந்து, நான் சொன்னதாகவே இத்தனை வருடம் சத்தியம் செய்யத் தயாராக இருந்திருக்கிறேன்.

அந்தச் சாயங்காலம் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. நம் கடைப் படியை ஒட்டி அவித்த கடலை விற்ற சங்கிலியம்மாள் உள்ளே எட்டிப்பார்த்தாள். நாம் எந்தப் பெட்டி வாங்குவது என்று கத்திக்கொண்டிருந்தோம். "ஏஞ்சாமி, இதுல எந்தப் பொட்டில படம் ஓடும்?" என்று கேட்டாள். சோனியில் ஓடும், ஆனால் அது முக்கியமில்லை என்றேன். "முக்கியமில்லையா? வெளையாட்டுப் பொட்டின்னா வீட்டுல வைவாக. படம் ஓடும்னா பொம்பளைகளே வாங்கச் சொல்லுவாக. நான் எம்மகன்ட்ட அதத்தான் சொல்லுவேன்" என்றாள். நீ சிரித்தாய். நான் சிரித்ததோடு நிற்காமல், "ஆத்தா, அடுத்த வாரம் நீயே பலகையில எழுது" என்றேன். அவளுக்கு எழுதத் தெரியாது என்று தெரிந்தே சொன்னேன்.

சரியான விடை அக்டோபரிலேயே என் நோட்டில் இருந்தது. எம்.ஏ. படித்தவன் சொன்ன ஏழு காரணம் நடுவில், கடலை விற்கிறவள் சொன்ன ஒரு காரணம் ஓரத்தில். அடுத்த மாதம் நாலு ட்ரீம்காஸ்ட் வாங்கினோம். சோனிக்காகப் பேசிய உன்னை அரியர் என்று எழுதினேன். ஆமாம், எழுதினேன். நினைவிருக்கிறது. முதல் கடிதம் எழுதியபோதும் நினைவிருந்தது.

நேற்று அவளைத் தேடிப் போனேன். இப்போது அரசமரம் பக்கம் வண்டி போட்டிருக்கிறாள்.

"வாங்க பாய். வாத்தியாரு ஆனப்புறம் கடலை எறங்கலையோ?"

படம் ஓடுமா என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நான் ஒரு நாளைக்கு நூறு கேப்பேன். எதன்னு ஞாபகம் வைக்க?"

விவரம் சொன்னேன். அவள் சொன்னது பத்திரிகையில் வந்தது, இப்போது புத்தகத்திலும் வரப்போகிறது, அவள் பெயரைப் போட வேண்டும் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆத்தாடி, எம் பேரையா? வேணாம் சாமி. நாளப்பின்ன அது தப்பாப் போச்சுன்னா ஊரே எங்கிட்ட வந்து நிக்கும். நீங்க பட்டது போதாதா?" பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அது கெடக்கட்டும். நான் சொன்னது அப்ப ஒங்களுக்கு ஒதவுச்சா?"

"இல்ல ஆத்தா. நான் கேக்கல. கேட்டிருந்தா கடை இருந்திருக்கும்."

"அப்பச் சொன்னதும் ஒண்ணு, சொல்லாததும் ஒண்ணு. எவ்வளவு போட?"

கால்படி வாங்கினேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, திரும்பவும் அரசமரம் வரை நடந்தேன். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. நம் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. வாசலில் ஒரு பலகையும் இல்லை.

கடைசி அத்தியாயத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பக்கம். சுருக்கமாகச் சொன்னால் இதுதான். படம் ஓடியதால் போன தடவை ஜெயித்த சோனி, அதே சாவியைப் போட்டே அடுத்த பூட்டையும் திறக்கப் பார்க்கிறது. புது வகைப் படத்தட்டு ஓடுகிற பெட்டி, விலை நாற்பதாயிரத்துக்குப் பக்கத்தில். வீடுகளில் பழைய டிவிடியே இன்னும் தேயவில்லை. மைக்ரோசாஃப்ட், ஏலக்காய் ஏலத்துக்குப் புதிதாக வந்த பணக்கார வியாபாரி மாதிரி, நட்டம் வந்தாலும் இடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று விலையை ஏற்றிக் கேட்கிறது; அதன் பொறுமை எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. நிண்டெண்டோ கைருன்னிசாவைக் கூப்பிட்டிருக்கிறது. இந்தச் சுற்று அதற்குத்தான் என்று எழுதியிருக்கிறேன். ஆனால் வேடிக்கை தீர்ந்ததும் அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டால் அடுத்து அவளுக்கு என்ன கொடுக்கும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதையும் எழுதியிருக்கிறேன். ஓரத்தில் எழுதவில்லை, நடுவிலேயே எழுதியிருக்கிறேன். பீரோக் கண்ணாடி இன்னும் மாற்றவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. பிப்ரவரி இரண்டாம் தேதி எனக்கு இப்போதும் வலிக்கிறது. ஜனவரி இருபத்தாறு உனக்கும் வலிக்கட்டும், அது உன் உரிமை. அடுத்த தடவை பஸ் ஸ்டாண்டு வரும்போது ஜன்னலை மூடுவதும் மூடாததும் உன் இஷ்டம்.

அட்டையில் யார் பெயர் என்று கேட்டாய். ஆறு வருடம் அதற்காகத்தான் புழுங்கினேன். இந்தக் கடிதத்தின் அடியிலும் வழக்கம்போலப் பெயரும் எம்.ஏ.வும் போடப் பேனாவைக் கொண்டுபோனேன். எதற்குப் போடுவது? திராட்சை உன் அப்பாவுடையது, படம் சங்கிலியம்மாளுடையது, குச்சி என் மனைவியுடையது. எனக்கு மட்டுமே சொந்தமாக மிஞ்சுவது ட்ரீம்காஸ்ட் ஒன்றுதான். அதற்கு நீ ஏற்கெனவே என் பெயரைப் போட்டுவிட்டாய்.

சிலிண்டருக்குப் பின்னால் நிற்கிற பலகையை எடுத்துப் பார். 'இரண்டு மணிக்குத் திறக்கும்' என்பதற்குக் கீழே எத்தனையோ வெள்ளிக்கிழமை எழுதினேன். ஒரு நாளும் அடியில் பெயர் போட்டதில்லை. வாசலில் நின்று சண்டை போட்ட யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

புத்தகத்தின் அட்டையும் அப்படியே இருக்கட்டும். இந்தக் கடிதத்தையும் அப்படியே உறையில் போட்டு ஒட்டுகிறேன். ஐந்து மணித் தபால் எடுப்பதற்குள் போய்ப் போட்டுவிட வேண்டும். அடியில் எதுவும் எழுதப்போவதில்லை.